தங்கமீன் குஞ்சுக்கு எத்தனை அடித் தொட்டி? யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் நீண்டநாள் பாவனை

ஒறண்டா என்ற தங்கமீன் இனத்தின் ஒரு அங்குலக் குஞ்சுக்கு இரண்டடித் தொட்டியே தாராளம் என்று கடையில் நிற்கும்போது தோன்றும். ஆனால் ஒறண்டா, றியூக்கின், பிளாக் மூர் போன்ற உருண்டை உடம்பு இனங்கள் 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை வளரும். நீண்ட உடம்பும் நீண்ட வாலும் கொண்ட கொமெற் இனம் 30 சென்ரிமீற்றரைத் தொடும். ஒழுங்காகப் பராமரித்தால் பத்து வருடம் தாண்டியும் உயிரோடிருக்கும். ஆகவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: உருண்டை இனம் என்றால் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இதைவிடச் சிறியதை வாங்கினால் இரண்டாவது தொட்டிக்கும் சேர்த்துத்தான் காசு ஒதுக்க வேண்டும்.

கொள்ளளவுக் கணக்கு சுலபம். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61 ஆல் வகுத்தால் லீற்றர் வரும். இரண்டடித் தொட்டியில் 24 × 12 × 10, அதாவது 47 லீற்றர். மூன்றடியில் 36 × 18 × 16, அதாவது 170 லீற்றர். முதல் மீனுக்கு 75 லீற்றர், அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 40 லீற்றர் என்று வைத்தால் மூன்றடித் தொட்டி மூன்று மீனுக்கு அளவானது. நான்காவதைச் சேர்க்க ஆசை வரும், சேர்க்க வேண்டாம்.

எங்கள் ஊரில் இந்தக் கணக்கை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கக் காரணம் இருக்கிறது. மீன் செவுள் வழியாக அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அதில் நச்சு வடிவமாக இருக்கும் பங்கு, தண்ணீரின் காரத்தன்மையும் சூடும் ஏற ஏறக் கூடும். 30 பாகை வெப்பத்தில் பி.எச். (காரத்தன்மையைக் காட்டும் எண்) 7 என்றால் அந்தப் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, பி.எச். 8 என்றால் ஏழு, எட்டு. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் காரப்பக்கம் சாய்ந்தது. சித்திரை, வைகாசி வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தாண்டும். வேறு ஊரில் தப்பும் 47 லீற்றர் இங்கே தப்பாது. மூன்று அங்குல மீன் இரண்டு அதில் இருந்தால் இரண்டு, மூன்று நாளுக்கொருமுறை பாதித் தண்ணீர் மாற்ற வேண்டிவரும். 170 லீற்றரில் வாரத்துக்கு 50 லீற்றர், பத்து லீற்றர் வாளியால் ஐந்து வாளி, போதும்.

சூடான தண்ணீரில் ஒட்சிசனும் குறைவு. 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் கரையும். 30 பாகையில் 7.5 மட்டும். அது மேற்பரப்பால்தான் உள்ளே வருகிறது. அதனால் ஒடுங்கி உயர்ந்த அலங்காரத் தொட்டியை, அது எத்தனை லீற்றர் பிடித்தாலும், வாங்காதீர்கள். காசு இருந்தால் உயரத்தில் போடாமல் அகலத்தில் போடுங்கள்.

“தொட்டிக்கு ஏற்றபடி மீன் தானே வளரும்” என்று விற்பவர்கள் சொல்வார்கள். சிறிய தொட்டியில் வளர்ச்சி நிற்பது உண்மை. ஆனால் அது கெட்ட தண்ணீரில் உடல் குன்றுவது; முதுகு வளைந்து, ஆயுளும் குறையும்.

பெரிய தொட்டியில் குஞ்சை விடும்போது வரும் சிக்கல் இடம் அல்ல, பில்டர்தான். இழுவிசை அதிகமானால் ஒரு அங்குலக் குஞ்சு உறிஞ்சு குழாயில் ஒட்டிக்கொள்ளும். குழாய் வாயில் பஞ்சு உறை மாட்டுங்கள், அல்லது முதல் சில மாதம் எயார் பம்ப்பில் ஓடும் பஞ்சு பில்டர் மட்டும் போடுங்கள். உணவை எப்போதும் ஒரே மூலையில் போடுங்கள். சிதறினால் எஞ்சியது அழுகி அமோனியாவாகும். புதுத் தொட்டியில் அமோனியாவை உண்ணும் நன்மை தரும் பக்டீரியா பில்டரில் நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். பழைய தொட்டியில் ஓடிய பில்டர் பஞ்சு ஒன்று கிடைத்தால் இது வெகுவாகக் குறையும். பஞ்சைக் கழுவுவது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான். கரண்ட் நிற்கும் வேளைக்கு பற்றரி எயார் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கண்ணாடி 8 மில்லிமீற்றர் கேளுங்கள். பூஞ்சணம் பிடிக்காத குளியலறைச் சிலிக்கன் மீனுக்கு நஞ்சு. எதைப் பூசினார்கள் என்று ஒட்டுபவரிடம் கேட்டே ஆக வேண்டும். தண்ணீர் மட்டும் 170 கிலோ, கண்ணாடி 30 கிலோவுக்கு மேல். சாதாரண மேசை தாங்காது. இரும்புத் தாங்கி, அதன்மேல் பலகை, அதன்மேல் அரை அங்குல ரெஜிபோம். ரெஜிபோம் இல்லாமல் வைத்தால் அடியில் ஒரு சிறு மேடு இருந்தாலும் கண்ணாடி வெடிக்கும்.

காலப்போக்கில் கண்ணாடியில் வெள்ளைப் படிவு கோடு கட்டும். தண்ணீர் ஆவியாகும், சுண்ணாம்பு உள்ளேயே தங்கும். ஆவியான அளவை மழைத் தண்ணீராலோ கடையில் வாங்கும் ஆர்.ஓ. (வடிகட்டி உப்பு நீக்கிய) தண்ணீராலோ நிரப்புங்கள், கிணற்றுத் தண்ணீர் வாராந்த மாற்றத்துக்கு மட்டும். தோட்டத்துக்குப் பக்கத்துக் கிணறு என்றால் உரத்தால் நைத்திரேற்று ஏறியிருக்கலாம், ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கொமெற்றை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். முற்றத்தில் நிழலாக ஆறடிக்கு மூன்றடி, இரண்டடி ஆழச் சீமெந்துத் தொட்டி ஏறத்தாழ 1000 லீற்றர் பிடிக்கும். புதுச் சீமெந்தில் காரம் கசியும். மூன்று, நான்கு வாரம் நிரப்பி இறைத்து, பி.எச். இறங்கிய பின்பே மீன் விட வேண்டும். மீன்கொத்திக்கும் பூனைக்கும் மேலே வலை போடுங்கள்.

மாரிக்குப் பின் கிணறுகளுக்குக் குளோரீன் போடும் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்துபோன கிழமையில் தண்ணீர் மாற்றத்தைத் தள்ளிப்போடுங்கள். தள்ள முடியாவிட்டால் குளோரீன் நீக்கும் திரவம் கலந்த பிறகே வாளியைத் தொட்டியில் ஊற்றுங்கள்.