ஆமா, அப்புறம்? இரண்டரை வருட இம்ப்ராவ் வகுப்பு அனுபவம்

சென்னையில் இம்ப்ராவ், அதாவது எழுதிவைத்த வசனம் இல்லாமல் மேடையிலேயே உண்டாக்கி நடிக்கும் நாடக வகுப்புக்குப் போக ஆரம்பித்து இரண்டரை வருடம் ஆகிறது. சேரலாமா, என்ன சொல்லித்தருவார்கள், கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குச் சரிப்படுமா என்று அலுவலகத்திலும் சொந்தக்காரர்களிலும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றி முதலில். வயது 38. சொந்த ஊர் நாகர்கோவிலுக்குப் பக்கம். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கிளெய்ம் பிரிவில் வேலை. பள்ளி ஆண்டு விழாவில்கூட மேடை ஏறியதில்லை. ஆனால் நாலு பேரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்ற ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. அதை வெளியில் சொல்ல 35 வயது தாண்ட வேண்டியிருந்தது.

முதலில் போய்ச் சேர்ந்தது ஸ்டாண்ட்-அப், அதாவது தனியாளாக மேடையில் நின்று ஜோக் சொல்லும் கலைக்கான பயிலரங்கில். இரண்டு நாள், சனி ஞாயிறு. முடிவில் சான்றிதழ், அடுத்த வாரமே மேடை என்று விளம்பரம் செய்திருந்தார்கள். நாற்பது பேரை ஒரே அறையில் உட்கார வைத்து முதல் நாள் முழுக்கப் பேசியே முடித்துவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அந்த மேடையில் ஏற வேண்டுமானால் டிக்கெட் வாங்கும் நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிவர வேண்டும் என்று கடைசியில்தான் சொன்னார்கள். எனக்கு அது இன்னும் வருத்தம்தான். ஸ்டாண்ட்-அப் மேல் குறை ஒன்றும் இல்லை. அப்புறம் நானாகவே, புதியவர்களும் ஏறிப் பேசிப்பார்க்கும் ஓப்பன் மைக் மேடை ஐந்தாறு போயிருக்கிறேன். ஐந்து நிமிடம் தருவார்கள், நாலாவது நிமிடம் முடிந்ததும் பின்னாலிருந்து செல்போன் விளக்கைக் காட்டுவார்கள். ஒரே ஜோக்கை ஒரு சொல்லை மாற்றி, ஒரு இடைவெளியைக் கூட்டிக் குறைத்து, இருபது தடவை சொல்லிச் சொல்லித்தான் அது தேறும். அந்தப் பொறுமை உள்ளவர்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். எனக்குத் தனியாக நிற்பதைவிட இன்னொருவரோடு நிற்பதுதான் பிடித்திருந்தது.

அப்படித்தான் இம்ப்ராவ் பக்கம் வந்தேன். கையில் எழுதிவைத்த வசனம் இருக்காது. பார்க்க வந்தவர்கள் ஒரு சொல் கொடுப்பார்கள், அதை வைத்து இரண்டு பேரோ ஆறு பேரோ அங்கேயே ஒரு காட்சியை உண்டாக்கி நடிக்க வேண்டும். ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு மாடியில் வகுப்பு. எட்டு சனிக்கிழமை, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், மொத்தம் 7,500 ரூபாய். பதினான்கு பேர் இருந்தோம். ஒரு வகுப்புக்கு இதற்குமேல் ஆள் இருந்தால் சேராதீர்கள் என்பது என் கருத்து. கற்பது முழுக்க எழுந்து நின்று செய்வதில்தான் இருக்கிறது, உட்கார்ந்து பார்ப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு வாரம் வெறும் விளையாட்டு. வட்டமாக நின்று கைதட்டி ஜிப், ஜாப், ஜோப் என்று ஒருவர் மேல் ஒருவர் எறிவது, ஆளுக்கு ஒரே ஒரு சொல் சொல்லிக் கதை கட்டுவது, எதிரில் நிற்பவருக்குக் கண்ணாடி போல அவர் அசைவை அப்படியே செய்வது. இதற்கா இவ்வளவு காசு என்று எனக்கு உள்ளுக்குள் வெப்ராளமாக இருந்தது. மூன்றாவது வாரம்தான் பயிற்சியாளர் இதன் கதையைச் சொன்னார். சிகாகோவில் வயோலா ஸ்போலின் என்ற அம்மையார் 1930களின் கடைசியில் அரசுத் திட்டம் ஒன்றில் நாடகப் பயிற்சி நடத்தினார். வந்த பிள்ளைகளில் நிறையப் பேர் பல நாடுகளிலிருந்து குடிவந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு பழக்கம். அவர்களிடம் விளக்கவுரை சொல்லிப் பயனில்லை என்று விளையாட்டாகவே நடிப்பைச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய மகன் பால் சில்ஸ் நண்பர்களோடு சேர்ந்து 1959ல் சிகாகோவில் ஆரம்பித்ததுதான் செகண்ட் சிட்டி நாடகக் குழு. அமெரிக்க நகைச்சுவையில் பெரிய பெயர்கள் பலவும் அங்கிருந்து வந்தவை.

அதைக் கேட்ட பிறகு அந்த விளையாட்டுகள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. ஏனென்றால் எங்கள் வகுப்பு பாதிக்குமேல் ஆங்கிலத்தில்தான் நடந்தது. வேகமாக ஆங்கிலம் பேசுபவர்கள் காட்சியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் மனதுக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் காட்சி முடிந்திருக்கும். கண்ணாடி விளையாட்டிலும், பொருளே இல்லாத சத்தங்களில் பேசி நடிக்கும் பயிற்சியிலும் மட்டும் அந்தப் பிரச்சினை இல்லை. மொழி தடையாக இருந்த பிள்ளைகளுக்காக உருவானது, எண்பது வருடம் கழித்து எனக்கும் உதவியது.

இம்ப்ராவில் முதலில் சொல்லித்தரும் விதி 'யெஸ் அண்ட்'. கூட நடிப்பவர் சொன்னதை ஏற்றுக்கொள், அதன்மேல் ஒன்றைச் சேர். அவர் "டாக்டர், என் வாலைப் பாருங்கள்" என்று வந்தால், உங்களுக்கு வால் எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூடாது. வால் இருக்கிறது. அது எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்கலாம். தலைக்குப் புரிந்தது, உடம்புக்குப் புரியவில்லை. ஏழு எட்டு வாரம் இதில் தட்டுத் தடுமாறினேன்.

புரிந்தது ஊரில். அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் போயிருந்தேன். இரவு வில்லுப்பாட்டு. சின்ன வயதில் தாத்தா மடியில் படுத்துக்கொண்டு கேட்டதுதான், இந்தத் தடவை கண்ணை வேறு எங்கும் நகர்த்தவில்லை. நடுவில் இருப்பவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்கிறார். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" போடுகிறார். சும்மா போடவில்லை. கதைக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு "ஆமா", அழுத்தம் கொடுக்கும் இடத்தில் இழுத்து ஒரு "ஆமா...", கதை திரும்பும் இடத்தில் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்வி வந்ததும் கதைக்காரர் புதிதாக எதையோ பிடித்துக்கொண்டு போகிறார். எட்டு வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அந்தப் பக்கப்பாட்டுக்காரர் குடத்தைத் தட்டிக்கொண்டே செய்துகொண்டிருந்தார். ஆமாஞ்சாமி என்று கேலி பேசியே பழகிவிட்டோம், அந்த ஆமா எவ்வளவு கவனத்திலிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சென்னைக்கு வந்ததும் நோட்டில் 'யெஸ் அண்ட்' என்பதை அடித்துவிட்டு 'ஆமா, அப்புறம்?' என்று எழுதினேன். அதிலிருந்து காட்சியில் என் காது திறந்துகொண்டது.

இரண்டாம் நிலை வகுப்பில்தான் நிஜமான சோதனை. ஒரு காட்சியில் ஊர்ப்பேச்சில் "பைய வாங்க, தரையெல்லாம் நனைஞ்சு கெடக்கு, கேட்டியளா" என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு கிடைத்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். அடுத்த மூன்று வாரமும் எந்தக் காட்சியானாலும் நாகர்கோவில் பேச்சைக் கொண்டுவந்தேன். பயிற்சியாளர் ஒருநாள், நான் அம்மாவாக நடித்துக்கொண்டிருந்த காட்சியை நிறுத்தி, "அந்த அம்மாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. என் அம்மாவும் அத்தையும் பேசும் பேச்சை வெறும் சத்தமாக மாற்றிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன் என்பது சுருக்கென்று தைத்தது. அதே காட்சியை மறுபடி செய்யச் சொன்னார். அதே பேச்சு. அந்த அம்மாவுக்கு மகன் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும், அது ஒன்றுதான் வேண்டும். சிரிப்பு குறைவாகத்தான் வந்தது, ஆனால் யாரும் அசையவில்லை.

இந்த இரண்டரை வருடத்தில் என்னால் மறக்க முடியாத காட்சி ஒன்றைச் சொல்கிறேன். வெளியாட்கள் முப்பது பேர் பார்க்க வந்திருந்த பயிற்சி நிகழ்ச்சி. யாரோ கொடுத்த சொல் இட்லிப் பானை. என்னோடு நின்றவன் வேளச்சேரியில் ஐ.டி. வேலை பார்க்கும் 24 வயதுப் பையன். நான் தரையில் உட்கார்ந்து, இல்லாத பானையை மடியில் வைத்து முந்தானையால் துடைக்க ஆரம்பித்தேன். அவன் என்னவோ ஜோக்கோடு வரப்போகிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, கழுவாத. அதுல அம்மா வாசம் இருக்கு" என்றான். மண்டபம் அமைதியாகிவிட்டது. எனக்கும் தொண்டை அடைத்தது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். "சரிடா, கழுவல. ஆனா காரியம் முடிஞ்சு பத்து நாளா உள்ள இட்லி இருக்கு." அவ்வளவு பெரிய சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. பின்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தப் பையன் அந்த ஒரு வரியைக் கொடுக்காமல் இருந்திருந்தால் என்னிடம் சொல்வதற்கு எதுவுமே இருந்திருக்காது.

பிடிக்காதவற்றையும் சொல்லத்தான் வேண்டும். நடுவில் வேறொரு இடத்தில் ஒரு குறுகிய கால வகுப்பில் சேர்ந்தேன். பெண்கள் மேடை ஏறினால் உடனே மனைவி, இல்லாவிட்டால் அம்மா. யாரும் எங்களை மெக்கானிக் என்றோ நீதிபதி என்றோ கூப்பிடவில்லை. ஒருவர் காட்சிக்குள் சட்டென்று தோளைப் பிடித்து இழுத்தார். சொன்னபோது "இதெல்லாம் நடிப்புதானே மேடம்" என்று முடித்துவிட்டார்கள். மீதி வகுப்புக்கு நான் போகவில்லை, பணமும் திரும்ப வரவில்லை. என் முதல் வகுப்பில் ஒவ்வொரு நாளும் ஆரம்பிக்குமுன் எங்கே தொடலாம், எங்கே கூடாது, இன்றைக்கு யாருக்கு முட்டி வலி என்பதுவரை கேட்பார்கள். சேருமுன் ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அங்கே இந்தக் கேள்வியைக் கேட்கிறார்களா, பெண்களுக்கு என்ன வேடம் கிடைக்கிறது என்று பாருங்கள். அனுமதி தரவில்லை என்றால் வேறு இடம் தேடலாம்.

இன்னொரு சங்கடம், ஒரு வருடம் போன பிறகு வரும் தேக்கம். எல்லோருக்கும் வருகிறது. காட்சியில் யார் மேலே, யார் கீழே என்பதை நடித்துப் பழகும் அந்தஸ்துப் பயிற்சிதான் என்னை அதிலிருந்து வெளியே எடுத்தது. இம்ப்ராவ் முன்னோடிகளில் ஒருவரான கீத் ஜான்ஸ்டன் லண்டனில் ராயல் கோர்ட் நாடக அரங்கில் இருந்த காலத்தில் உருவாக்கியது. நாங்கள் செய்த வகையில் சீட்டுக்கட்டிலிருந்து ஆளுக்கு ஒரு சீட்டை நெற்றியில் ஒட்டிவிடுவார்கள், அது என்ன சீட்டு என்று நமக்குத் தெரியாது. மற்றவர்கள் நம்மை நடத்துவதை வைத்து நாம் ராஜாவா, இரண்டா என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் நம்பர் சீட்டோடு பத்து நிமிடம் ஒரு கல்யாண வீட்டில் சுற்றினேன். யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. மறுநாள் வேலையில், விதவைப் பெண் ஒருவர் கணவரின் பாலிசிக் காகிதங்களோடு கவுன்ட்டரில் நின்றபோது, எழுந்து நின்று வாங்கினேன். அதுவரை உட்கார்ந்தபடியே கையை நீட்டித்தான் வாங்கியிருக்கிறேன்.

ஜான்ஸ்டன் காலத்து இங்கிலாந்தில் நாடக வசனத்தை முன்கூட்டியே தணிக்கைக்குக் கொடுத்தாக வேண்டும். 1968ல்தான் அது ஒழிந்தது. வசனமே இல்லாத நாடகத்தை எப்படித் தணிக்கைக்குக் கொடுப்பது? அதனால் இம்ப்ராவை வகுப்பு விளக்கம் என்ற பெயரில் நடத்தியிருக்கிறார்கள். படித்தபோது நம் ஊர் ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டில் 1954 நாடகச் சட்டப்படி வசனப் பிரதியை முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. எழுத்தாளரும் நாடக இயக்குநருமான ஞாநி தொடர்ந்த வழக்கில் 2013ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்றது. நினைத்ததைப் பேசி நடிக்க எனக்குக் கிடைத்திருக்கும் இந்த இடம் அவ்வளவு பழையதில்லை. அதற்காகவே அதை வீணாக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

செலவைக் கேட்பவர்களுக்கு: இதுவரை மூன்று நிலை வகுப்புகள், அந்தப் பாதியில் விட்ட வகுப்பு, ஸ்டாண்ட்-அப் பயிலரங்கு எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய்க்குமேல் போயிருக்கும். வருமானம் ஒரு பைசா இல்லை. சினிமா வாய்ப்பு, தொலைக்காட்சி வாய்ப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் நிலையை மட்டும் ஒரு நல்ல இடத்தில் முடித்துவிட்டு, கூடப் படித்தவர்களோடு சேர்ந்து வாராவாரம் பயிற்சி செய்தாலே போதும். எனக்கு இதை யாராவது அப்போதே சொல்லியிருந்தால் பாதிக் காசு மிச்சமாகியிருக்கும். ஹரால்ட் போன்ற நீண்ட வடிவங்களை மட்டும் தெரிந்த ஒருவரிடம் கற்றுக்கொள்வது நல்லது. ஒரே சொல்லிலிருந்து மூன்று தனித்தனிக் காட்சிகள் கிளம்பி, மறுபடி மறுபடி வந்து, கடைசியில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் அரைமணி நேர வடிவம் அது. வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஒரு கண் இல்லாவிட்டால் குழம்பிப்போகும்.

இப்போது நாங்கள் ஏழு பேர். அந்த இட்லிப் பானைப் பையனும் உண்டு. எல்லாமே தமிழில்தான் செய்கிறோம். வியாழக்கிழமை எட்டு மணிக்குமேல், பிள்ளைகள் கிளம்பிய பிறகு, சைதாப்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் ஹாலை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஆளுக்கு மாதம் 300 ரூபாய். பெஞ்சுகளைச் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டு, கரும்பலகையில் வாத்தியார் கடைசியாக எழுதிவிட்டுப் போன சொல் எதுவோ அதையே அன்றைய சொல்லாக எடுத்துக்கொள்வோம். போன வாரம் 'மீதி' என்று எழுதியிருந்தது. நான் பாய் விரிப்பது போல உட்கார்ந்தேன், அந்தப் பையன் தட்டை எடுத்துக்கொண்டு வந்தான்.