சினாப்ஸா, வியாவா? கீபோர்டில் செய்த மாற்றம் எங்கே தங்குகிறது

கீபோர்டின் விளக்கையும் கீக்களின் வேலையையும் மாற்ற உதவும் கருவிகள் இவை இரண்டும். ரேசர் நிறுவனக் கீபோர்டுகளுக்கான சினாப்ஸ் கணினியில் ஓடும் மென்பொருள். வியா, கியூஎம்கே என்ற ஃபர்ம்வேர் (கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) உள்ள கீபோர்டுகளுக்கானது. அதில் செய்யும் மாற்றம் நேரே கீபோர்டின் நினைவகத்துக்குப் போய்விடும். மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

விளக்கு அலங்காரத்தில் சினாப்ஸ்தான் முந்துகிறது. அதன் குரோமா ஸ்டுடியோவில் கீக்குக் கீ நிறம் கொடுக்கலாம், எஃபெக்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ஆனால் சினாப்ஸை மூடினால் அப்படி அடுக்கிய எஃபெக்டுகள் பெரும்பாலும் நின்றுவிடும். வழக்கமான வியாவில் தயாராக இருக்கும் எஃபெக்டுகளில் ஒன்றைத் தேர்ந்து வெளிச்சம், வேகம், நிறம் மாற்றலாம், அவ்வளவுதான்.

கீ மாற்றத்தில் நிலைமை தலைகீழ். சினாப்ஸின் ஹைப்பர்ஷிஃப்ட் வசதி இரண்டாவது அடுக்கு ஒன்றை, அதாவது அதே கீக்களுக்கு வேறு வேலைகள் கொண்ட இன்னொரு தொகுப்பைத் தரும். வியாவில் பொதுவாக நான்கு அடுக்குகள். குரோம் அல்லது எட்ஜில் வியா தளத்தைத் திறந்து, கீபோர்டைக் கேபிளில் இணைத்து அனுமதி கொடுங்கள், ஃபயர்ஃபாக்ஸ் உதவாது. கீபோர்டை அடையாளம் காணாவிட்டால், தயாரிப்பாளர் தரும் ஜேசான் கோப்பை (கீபோர்டின் அமைப்பை விவரிக்கும் கோப்பு) இறக்கி, செட்டிங்ஸில் டிசைன் டேபை இயக்கி அங்கே ஏற்றுங்கள். லினக்ஸில் பிரவுசர் கீபோர்டை நேரடியாக அணுக (hidraw) அனுமதி தர, யுடெவ் (udev) எனப்படும் சாதன விதி ஒன்றை எழுத வேண்டியிருக்கும்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வியாவில் இயங்கும் கீக்ரான் நிறுவனத்தின் கியூ, வி வரிசைக் கீபோர்டுகளில் 0, 1 அடுக்குகள் மேக்குக்கு. 2, 3 விண்டோஸுக்கு. பக்கவாட்டு ஸ்விட்ச் விண்டோஸில் இருக்கும்போது 0-இல் எதை மாற்றினாலும் பலன் தெரியாது. கீபோர்டில் கோளாறு என்று நினைத்து ரீசெட் செய்துவிடாதீர்கள், செய்த மாற்றமெல்லாம் போய்விடும். அடுக்கு 2-இல் கேப்ஸ் லாக்குக்கு எம்ஓ(3) கொடுத்தால், அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை அடுக்கு 3 இயங்கும்.

மென்பொருள் நிறுவ அனுமதியில்லாத அலுவலகக் கணினியிலும் அதே கீபோர்டைச் செருகுபவர்கள் வியா கீபோர்டையே வாங்குங்கள். வண்ணமே பிரதானம், ஒரே விண்டோஸ் கணினிதான் என்றால் சினாப்ஸ் போதும்.

ஓப்பன்ஆர்ஜிபி என்ற இன்னொரு மென்பொருளும் உண்டு. அது விளக்குக்கு மட்டுமே, கீயை மாற்றாது. அதையும் சினாப்ஸையும் சேர்த்து ஓட்டினால் இரண்டும் ஒரே கீபோர்டுக்குக் கட்டளை அனுப்பி விளக்கு துடிக்கும். ஒன்றை முழுவதுமாக மூடுங்கள்.

சினாப்ஸில் ஸ்னாப் டேப் (எதிரெதிர் கீக்கள் இரண்டை அழுத்தியிருந்தால் கடைசியாக அழுத்தியதை மட்டும் ஏற்கும் வசதி) வைத்திருப்பவர்கள் கவனிக்க: விளையாட்டு நிறுவனமான வால்வ் 2024 ஆகஸ்டில் இத்தகைய வசதியைக் கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இன் அதிகாரபூர்வ சர்வர்களில் தடை செய்தது. கண்டுபிடித்தால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றிவிடும். மேட்சுக்கு முன் அணைத்துவிடுங்கள்.