மேசையை விட்டு நகர ஒரு கிளிக்கர்

பயிற்சி வகுப்பு எடுப்பது என் வேலை. மடிக்கணினி பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தவனை நடமாட வைத்தது, தூரத்திலிருந்தே ஸ்லைடுகளை மாற்ற உதவும் இந்த வயர்லெஸ் கிளிக்கர்தான். அதன் சிக்னலை வாங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரை மடிக்கணினியின் யூஎஸ்பியில் செருகினால் போதும், தனி மென்பொருள் வேண்டாம். கணினி இதையும் ஒரு விசைப்பலகை என்றே நினைத்துக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது திரையைக் கறுப்பாக்கும் பொத்தான். பவர்பாயின்ட்டில் ‘பி’ விசை செய்யும் அதே வேலைதான். ஸ்லைடு மறைந்ததும் எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பும். அப்போது, “இதுவரை எந்த இடம் புரியவில்லை?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். கடைசியில் கொடுக்கும் கருத்துப் படிவத்தில் ‘நன்று’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள்கூட இந்த இடைவெளியில் உண்மையைச் சொல்கிறார்கள். அடுத்த ஸ்லைடுக்குப் போகலாமா, திரும்ப விளக்கலாமா என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

திரையில் சுட்டிக்காட்டக் கிளிக்கரிலேயே இருக்கும் சிவப்பு லேசர்தான் ஏமாற்றம். புரொஜெக்டர் திரையில் சரி, எல்இடி டிவியில் புள்ளியைத் தேட வேண்டியிருக்கிறது. அதே சக்தியில் பச்சை ஒளி நம் கண்ணுக்குக் கூடுதல் பிரகாசமாகத் தெரியும், ஆனால் டிவியில் அதுவும் சுமார்தான்.

அப்புறம், ரிசீவர் விரல்நுனி அளவுதான் இருக்கும். அதைச் செருகி வைக்கக் கிளிக்கரிலேயே இடமுள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.