அந்த பார்டர் ஹாஃப் மாரத்தானுக்கு மறுபடி ரெஜிஸ்ட்ரேஷன் தொறந்துட்டாங்க, காசு கட்டறதுக்கு முன்னாடி இத படிச்சுருங்க

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பொள்ளாச்சி, வேலந்தாவளம் சுத்துவட்டாரத்துல ஓடற ஆளுங்களுக்குத்தான் இந்தப் பதிவு. மார்ச் மாசம் நடந்துச்சே, கேரளாவுல ஆரம்பிச்சு தமிழ்நாட்டுக்குள்ள போய் திரும்பி வர்ற ஹாஃப் மாரத்தான்னு போஸ்டர் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டுனாங்களே, அதேதான். பேரு இங்க போடல, கம்ப்ளைன்ட் போய்ட்டிருக்கு, ஆனா இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு போஸ்டர பாத்தாலே தெரிஞ்சுரும். டிசம்பர்ல மறுபடி நடத்தறாங்களாம், பீஸ் வேற ஏத்திட்டாங்க, அதான் இப்ப எழுதறேன்.

நான் கட்டுனது 899 ரூபா. அதுக்கு சொன்னது என்னென்னனா அளந்து சர்டிஃபை பண்ண 21.1 கிலோமீட்டர் ரூட், சிப் டைமிங் (நம்ம மேல இருக்கற சிப்ப மெஷின் படிச்சு தானா நேரம் எடுக்கறது), ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு தண்ணி ஸ்டால், பின்னாடியே ஆம்புலன்ஸ், மெடல், டிஃபன். இதுல உருப்படியா கெடச்சது டிஃபன்தான், இட்லி நல்லாவே இருந்துச்சு, அத குறை சொல்லக் கூடாது.

முந்தின நாள் பிப் (நெஞ்சுல குத்திக்கற நம்பர் சீட்டு) வாங்கும்போதே எனக்கு டவுட்டு. சிப் வெச்ச பிப்ப திருப்பிப் பாத்தா பின்னாடி வெள்ளிப் பேப்பர் மாதிரி மெல்லிசா ஒரு ஸ்ட்ரிப் ஒட்டியிருக்கும், அதுமேல ஒரு ஃபோம் துண்டும் இருக்கும், மடக்கக் கூடாதுன்னு எழுதியே இருப்பாங்க. இதுல பின்பக்கம் வெறும் வெள்ளை. அங்க நின்ன காலேஜ் பையன்கிட்ட கேட்டா, "அண்ணா அது நாளைக்கு ஸ்டார்ட்ல தருவாங்க"ன்னான், பாவம் அவனுக்கும் ஒண்ணும் தெரியல. மறுநாள் ஸ்டார்ட்ல சிப்ப படிக்க தரைல விரிக்கற மேட்டும் இல்ல, சிப்பும் இல்ல, டிஜே மட்டும் இருந்தாரு.

அஞ்சரைக்கு ஸ்டார்ட்டுன்னு சொல்லி நாலரைக்கே வரச் சொன்னாங்க. சீஃப் கெஸ்ட் வரல வரலன்னு இழுத்து இழுத்து கடைசில கொடி அசைக்கும்போது மணி ஏழு கிட்ட ஆயிருச்சு. பாலக்காட்டு பக்கம் மார்ச் மாசத்து வெயில் எப்படின்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்லவே வேண்டாம், கேரளாவுலயே இந்த ஜில்லாதான் அப்ப கொதிக்கும், எட்டு மணிக்கே ரோட்டுல இருந்து சூடு மேல ஏறி மூஞ்சில அடிக்குது, நட்டுக்கல் தாண்டினா அந்த வண்ணாமடை ரோட்ல பாதி தூரம் நிழலே கெடையாது.

இனி மெயின் மேட்டருக்கு வரேன். ரூட் மேப்ல கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி தமிழ்நாட்டுக்குள்ள போய் யூ டர்ன்னு போட்டிருந்தாங்க, போட்டியோட விளம்பரமே அதுதான. ஓடிப் போய்ட்டே இருக்கேன், செக்போஸ்ட் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ரோட்டு நடுவுல ஒரு ஆரஞ்சு கோன், பக்கத்துல ஒரு பையன் கொடியோட நின்னு திரும்புங்க திரும்புங்கன்றான். ஏன்டா தம்பின்னு கேட்டா அந்தப் பக்கம் பர்மிஷன் வாங்கலையாம். ரெண்டு மாநிலத்து ரோட்ல ஓட விடணும்னா ரெண்டு பக்கத்து போலீஸ்லயும் தனித்தனியா பர்மிஷன் வாங்கணும், அது நடத்தறவங்களுக்கு போஸ்டர் அடிக்கறப்பவே தெரியாதா? சரி, கோன இங்க வெச்சாங்க, ஸ்டார்ட்டையாவது அதுக்கேத்த மாதிரி பின்னாடி தள்ளி வெச்சு தூரத்த சரிபண்ணியிருக்கலாம்ல, அதுவும் பண்ணல. ஃபினிஷ்ல என் வாட்ச் காட்டுனது 19.4. பக்கத்துல இருந்தவங்களுக்கு 19.3, 19.5ன்னு காட்டுது. சுமாரா ஒண்ணே முக்கால் கிலோமீட்டர் முழுங்கிட்டாங்க.

வாட்ஸப் குரூப்ல கேட்டதுக்கு பதில் என்னன்னா, "ஜிபிஎஸ் எப்பவும் கம்மியாத்தான் காட்டும் ப்ரோ." இதுதான் எனக்கு வந்த கோவத்துக்கே காரணம். ரோட் ரேஸ ஒழுங்கா அளக்கறவங்க சைக்கிள்ல ஜோன்ஸ் கவுன்ட்டர்னு சக்கரம் சுத்தறத எண்ணற ஒரு கருவிய முன் சக்கரத்துல மாட்டி, ஸ்டீல் டேப்ல அளந்த நேர் ரோட்ல அத மொதல்ல காலிபரேட் பண்ணி (கருவிய அந்த அளவோட ஒப்பிட்டு சரிபாத்து), ஓடறவன் போகக் கூடிய ஆகக் குறுக்கு வழியத்தான் அளப்பாங்க, அதுக்கு மேல தூரம் குறஞ்சுரக் கூடாதுன்னு ஆயிரத்துக்கு ஒண்ணு கூட சேப்பாங்க, ஹாஃபுக்கு அது 21 மீட்டர் வரும். நாம வளைவுல வெளிப்பக்கமா ஓடுவோம், தண்ணிக்கு ஒதுங்குவோம், அதனால சரியா அளந்த ரூட்ல நம்ம வாட்ச் வழக்கமா 21.2, 21.3ன்னு கூடத்தான் காட்டும். அதுவும் ரெண்டு பக்கமும் வயலும் தென்னையும் இருக்கற ரோடு, சிக்னல மறைக்க பெரிய பில்டிங் ஒண்ணு கெடையாது. எல்லார் வாட்ச்சும் ஒரே மாதிரி கம்மியா காட்டுனா வாட்ச் தப்பா ரூட் தப்பா, நீங்களே சொல்லுங்க.

தண்ணி கதை தனி. போகும்போது மூணு ஸ்டால் இருந்துச்சு, திரும்பி வரும்போது ஒரு டேபிள் மேல காலி 20 லிட்டர் கேன் கவுந்து கெடக்குது, இன்னொண்ணுல தண்ணி இருக்கு, ஆனா கப் தீந்து போச்சுன்னு ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர வெச்சு வரிசையா எல்லாரும் குடிக்கறாங்க. உப்பு, எலக்ட்ரால், வாழப்பழம் எதுவும் இல்ல. அவ்ளோ வேர்வை போனப்பறம் வெறும் தண்ணியையே மொடக்கு மொடக்குன்னு குடிச்சா உடம்புல சோடியம் எறங்கி தல சுத்தும், வாந்தி வரும், முத்திப் போனா உயிருக்கே ஆபத்து. வண்ணாமடை பக்கம் ஒரு டீக்கடை அக்கா இதெல்லாம் பாத்துட்டு உப்பும் இஞ்சியும் போட்ட மோர ஒரு குடத்துல கொண்டாந்து ரோட்டோரம் வெச்சு, போறவன் வர்றவன் எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தாங்க, காசு நீட்டுனா திட்டுறாங்க. அவங்க மட்டும் இல்லன்னா அன்னிக்கி பல பேரு விழுந்திருப்பாங்க. விழவும் விழுந்தாரு ஒருத்தரு, அம்பது வயசு இருக்கும், கெண்டக்கால் புடிச்சு ரோட்லயே உக்காந்துட்டாரு, அப்பறம் பேச்சு கொழறுது. ஆம்புலன்ஸ் ஸ்டார்ட் பாயின்ட்லயே நிக்குதாம், ட்ரைவர காணோமாம். கடைசில ஒரு ஆட்டோல ஏத்தி சித்தூர் கொண்டு போனாங்க, சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டாருன்னு கேள்விப்பட்டேன்.

ஃபினிஷ்ல டைமிங் எப்படி எடுத்தாங்கன்னா ஒரு பொண்ணு கைல செல்போன் ஸ்டாப்வாட்ச், மடில நாப்பது பக்க நோட்டு. வர்றவங்க பிப் நம்பர பாத்து பேனால எழுதுது, எங்க வேர்வை சொட்டி சொட்டி அந்தப் பக்கமே ஊறிப் போயிருக்கு. என் நம்பர் 417. சர்டிஃபிகேட் வந்தப்ப பாத்தா 2 மணி 41 நிமிஷம்னு இருக்கு, அது 471 நம்பர் ஆளோட டைம், நான் முடிச்சது 1.52ல. மாத்தித் தாங்கன்னு மெயில் போட்டா பதிலே இல்ல. மாத்தித் தந்தாலும் அத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுன்றது வேற விஷயம், பெரிய மாரத்தான்கள்ல பழைய டைமிங் கேக்கறப்ப 19.4 ஓடுன டைம ஹாஃப் டைம்னு எப்படி காட்றது.

மெடல் ஸ்டாக் தீந்துருச்சு, கொரியர்ல வரும்னாங்க, இன்னும் வரல. ரீஃபண்ட் கேட்டா, நீங்க ஆன்லைன்ல டிக் பண்ண கண்டிஷன்ல ரீஃபண்ட் கெடையாதுன்னு இருக்கு, அதுக்கு மேல கேஸ் போடணும்னா எங்க ஆபீஸ் கோயம்புத்தூர்ல இருக்கு, அங்க வந்து போட்டுக்கங்கன்னு ஒருத்தர் போன்லயே நக்கலா சொல்றாரு. பார்டர்ல இருக்கறவன் ரெண்டு ஸ்டேட்டுக்கும் அலைய மாட்டான்ற தைரியம். ஆனா 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நாம குடியிருக்கற ஜில்லாவுலயே, இல்ல வேல பாக்கற ஜில்லாவுலயே கம்ப்ளைன்ட் போடலாம், அவங்க ஆபீஸ் எங்க இருந்தா நமக்கென்ன. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், கட்டுன தொகை அஞ்சு லட்சம் வரைக்கும் கோர்ட் பீஸ் கெடையாது. வக்கீல் இல்லாம நாமளே பேசலாம். அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி பதிவு பண்ணிட்டேன், டாக்கெட் நம்பர் (புகார் நம்பர்) வந்துருச்சு, பாலக்காடு நுகர்வோர் கமிஷனுக்கு பேப்பர் ரெடி பண்ணிட்டிருக்கேன்.

டிசம்பர்ல ஓடியே ஆகணும்னு நெனக்கறவங்க காசு கட்டறதுக்கு முன்னாடி, ரூட்ட அளந்தது யாரு, எந்த முறைல, சர்டிஃபிகேட் காப்பி அனுப்புங்க, டைமிங் எந்த கம்பெனி, ரெண்டு பக்கத்து போலீஸ் பர்மிஷன் லெட்டர் இருக்கான்னு மெயில்ல கேளுங்க, வாட்ஸப்ல கேட்டா அழிச்சுருவாங்க, என் கேள்விய அழிச்சுட்டு என்னையும் குரூப்ப விட்டு தூக்கிட்டாங்க.

மார்ச்ல ஓடுனவங்க யாராச்சும் இத படிச்சா பேமென்ட் ஸ்க்ரீன்ஷாட், வாட்ச்ல இருக்கற ஜிபிஎஸ் ஃபைல், பிப்போட பின்பக்க போட்டோ, பழைய போஸ்டர் இதெல்லாம் டெலீட் பண்ணிராதீங்க. ஒரே பாதிப்பு இருக்கற பல பேரு கமிஷன் அனுமதியோட சேந்து ஒரே கம்ப்ளைன்ட்டா போட வழி இருக்கு, அதனால எனக்கு மெசேஜ் பண்ணுங்க. 471 நம்பர்ல ஓடுனவரு யாருன்னு தெரிஞ்சா அவரையும் கூட்டிட்டு வாங்க, அவரு டைம் எங்கிட்ட இருக்கு.