ஆஸ்மோசிஸா டிஃப்யூஷனா, சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு எது?

பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு இந்த ரெண்டுல ஒண்ணு வைக்கணும்னு வந்தப்ப நாங்க ஆஸ்மோசிஸ் பக்கம்தான் போனோம், இப்ப கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

டிஃப்யூஷன் தெரிஞ்சதுதான், துகள் நெருக்கமா இருக்கிற இடத்துலருந்து கம்மியா இருக்கிற இடத்துக்கு தானா பரவும், காத்துலயும் நடக்கும் தண்ணிலயும் நடக்கும், சூடு ஏறினா வேகம் கூடும். டம்ளர் தண்ணில ஊதா கலர் விடுற பெர்மாங்கனேட் உப்பு ஒரு துணுக்கு போட்டா போதும், செலவே இல்ல, பாக்கவும் அழகா இருக்கும். சிக்கல் என்னன்னா, டேபிளை யாராவது லேசா இடிச்சாலே தண்ணி சுத்தி கலரை இழுத்துட்டு போயிடும், அப்புறம் எது தானா பரவுனது எது கலங்குனதுன்னு எப்படி காட்டுறது? ஏற்காட்டுல காபி பூக்குறப்ப வழியெல்லாம் மணக்குமே, அதையும் சிலர் டிஃப்யூஷன்னு எழுதிடுறாங்க, அவ்ளோ தூரம் வாசனைய தூக்கிட்டு வர்றது பெரும்பாலும் காத்துங்க.

ஆஸ்மோசிஸ்ல நடுவுல சவ்வு, அதாவது மெல்லிசா தோல் மாதிரி ஒரு தடுப்பு, இருந்தே ஆகணும். சர்க்கரையோ உப்போ கம்மியா இருக்கிற பக்கத்துலருந்து அதிகமா இருக்கிற பக்கத்துக்கு தண்ணி நகரும், சர்க்கரைய சவ்வு லேசுல விடாது. மாங்கா துண்டுல உப்பு போட்டு வெச்சா கிண்ணத்துல தண்ணி ஊறி நிக்குதே, அதான் இது. 1748லயே நொல்லேங்கிற பிரெஞ்சுக்காரர் பன்னியோட மூத்திரப்பைய சவ்வா வெச்சு இதை பாத்திருக்காரு.

நமக்கு உருளைக்கிழங்கு போதும். ரெண்டு எடுத்துக்குங்க, ஒண்ணை மட்டும் வேக வெச்சு ஆற விடுங்க. ரெண்டுலயும் அடிப்பக்கம் தோலை சீவி தட்டையா வெட்டி, மேல குழி தோண்டி சர்க்கரைய போட்டு, தட்டுல தண்ணி ஊத்தி நிக்க வைங்க. சில மணி நேரத்துல பச்சைக் கிழங்கோட குழில பாகு மாதிரி தண்ணி ஏறி நிக்கும், வெந்ததுல அப்படி ஏறாது, ஏன்னா வெந்ததும் செல்லோட சவ்வு சிதைஞ்சு போச்சு. எனக்கு முடிவு பண்ண வெச்சதே இந்த வெந்த கிழங்குதான். அதே கிழங்கு, அதே சர்க்கரை, அதே தண்ணி, சவ்வு மட்டும் இல்ல, வேலையும் நடக்கல. ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வெச்சா சார்ட்டே வேண்டாம், பாக்க வர்றவங்களே "இதுல மட்டும் ஏன் ஏறல"ன்னு கேப்பாங்க. டிஃப்யூஷன்ல இப்படி எடுத்துட்டு காட்ட நடுவுல ஒண்ணுமே இல்லையே.

சேலத்துல மரவள்ளிக்கு பஞ்சமில்லதான், ஆனா அதுல நாங்க செஞ்சு பாக்கல. உருளையை குழைய விட்டுடாதீங்க, குழி தோண்டுறப்பவே உடைஞ்சிடும், அரைவேக்காடும் ஆகாது, நடு வரைக்கும் வெந்திருக்கணும்.