பிரஷர்ங்கிற ஒரே சொல்ல வச்சு ஒரு இங்கிலீஷ் ஆப்ப சோதிச்சுப் பார்த்தேன்

எட்டு மாசமா ஒரு இங்கிலீஷ் வொக்காபுலரி ஆப் யூஸ் பண்றேன், காசு கட்டுற வெர்ஷன், தமிழ் விளக்கத்தோட வரும், ஒரு சொல்லுக்கு ஒரு பாடம். பேர் வேண்டாம், இதே மாடல்ல நிறைய இருக்கு, எதை வாங்குறதா இருந்தாலும் ட்ரையல்லயே பிரஷர்ங்கிற சொல்லத் தேடிப் பாருங்க, ஆப் எப்படின்னு அங்கயே தெரிஞ்சிடும்.

ஏன் இந்தச் சொல்லுன்னா நாம தமிழ்லயே இத நாள் பூரா பேசுறோம், அதனால தெரியும்னு நெனச்சுக்கறோம். அவருக்கு பிரஷர் இருக்கு, சுகர் இருக்கு, என் பிரஷர ஏத்தாதன்னெல்லாம் சொல்றோம்ல, அதையே அப்படியே ஹீ ஹேஸ் பிரஷர்னு சொன்னா கேக்கறவங்களுக்குப் புரியாது, ஹை பிளட் பிரஷர்னு முழுசா சொல்லணும். அப்பாவ ஆஸ்பத்திரில சேத்த அன்னைக்கு லீவ் மெயில்ல மை ஃபாதர் ஹேஸ் பிரஷர்னுதான் எழுதினேன். வெளிநாட்டுல இருக்கற மேனேஜர், யார் அவர நெருக்கறாங்க, நாங்க எதாவது உதவி பண்ணணுமான்னு பதில் போட்டாங்க. அக்கறையாதான் கேட்டாங்க, ஆனா ஐசியூ வாசல்ல நின்னுக்கிட்டு அதுக்கு விளக்கம் டைப் பண்ணேன், அது இன்னும் மனசுல இருக்கு.

ஆப்போட பாடம் ஆரம்பிக்கறது அருமை. ஒரு டிராயிங் பின், அது மேல ஒரு கட்டைவிரல், அவ்வளவுதான் படம். விரல் குடுக்கற விசை ஒண்ணுதான், தட்டையான தலைப்பக்கம் அது பரவிடுது அதனால விரலுக்கு ஒண்ணும் ஆகல, அதே விசை கூர்முனைல குவிஞ்சதும் பலகைக்குள்ள இறங்கிடுது. விசைய பரப்பால வகுத்தா பிரஷர். ஒரு சதுர மீட்டர்ல ஒரு நியூட்டன் விசைன்னா அது 1 பாஸ்கல், பிரெஞ்சு விஞ்ஞானி பிளெய்ஸ் பாஸ்கல் பேர 1971ல அலகுக்கு வச்சாங்க, கடல் மட்டத்துல நம்ம மேல இருக்கற காத்தோட அழுத்தம் 101325 பாஸ்கல். எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுக்கு அடுத்த ஸ்க்ரீன், 1643ல இத்தாலி விஞ்ஞானி டாரிசெல்லி பாதரசம் நிரப்பின குழாய ஒரு பாதரசக் கிண்ணத்துல கவுத்து வச்சப்போ, காத்தோட அழுத்தத்தால குழாய்ல பாதரசம் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்துல நின்னுச்சு, அந்தப் பாதரச மில்லிமீட்டர் கணக்குதான் இன்னைக்கும் பிபி மெஷின் காட்டுற 120க்கு 80. அப்பாவோட சார்ட்ல எம்எம்எச்ஜின்னு போட்டிருந்தது எனக்கு அப்பதான் அர்த்தமாச்சு.

அடுத்து சொல்லு எதோட ஒட்டும்ங்கறது. ஒருத்தர் மேல பிரஷர் போட்டா ஆன், அதுக்குள்ள மாட்டிக்கிட்டவர் இருக்கறது அண்டர். சிலிண்டர்ல அடைச்ச கேஸும் அண்டர் பிரஷர்தான், டெட்லைன்ல இருக்கற ஆளும் அண்டர் பிரஷர்தான். நோ பிரஷர்னா அவசரமில்ல, உங்க இஷ்டம்னு அர்த்தம். ஸ்ட்ரெஸ்ஸுக்கும் இதுக்கும் வித்தியாசத்த ரெண்டே வரில சொல்லியிருக்காங்க, வெளியிலருந்து வர்றது பிரஷர், அதனால உள்ள நாம படற பாடு ஸ்ட்ரெஸ். இத்தன வருஷம் ரெண்டையும் ஒண்ணாவே பேசிட்டிருந்தேன்.

இனி குறை. பெரிய குறை தமிழ் விளக்கம்தான், தமிழ் விளக்கத்துக்காகவே வாங்கினதால எனக்கு இது ரொம்ப வலிக்குது. எல்லா இடத்துலயும் அழுத்தம், அழுத்தம், அழுத்தம். டயர் பிரஷருக்கு அழுத்தம் சரி. ஒருத்தர மிரட்டி கையெழுத்து வாங்கினா அங்க நாம நெருக்கடி குடுத்தாங்க, வற்புறுத்தினாங்கன்னுதான சொல்வோம்? வேலை பிரஷர்னா வேலைப்பளு. பியர் பிரஷருக்கு சமவயது அழுத்தம்னு போட்டிருக்காங்க, எந்தப் பையனுக்கு இது புரியும், கூடப் படிக்கறவங்க செய்றாங்கன்னு தானும் செய்ய வேண்டி வர்ற நெருக்கடின்னு விரிச்சு எழுதினா என்ன கொறஞ்சிடும்? இலங்கைத் தமிழர்கள் அமுக்கம்னு சொல்றாங்க, பிளட் பிரஷருக்கு குருதி அமுக்கம், காத்தழுத்தத் தாழ்வுக்கு தாழமுக்கம்னு எவ்வளவு அழகா இருக்கு, அந்தச் சொல்லு ஆப்ல எங்கயுமே இல்ல. தமிழ்ல சொல்லுக்குப் பஞ்சமே இல்ல, இருக்கறத எடுத்துப் போடல.

ரெண்டாவது, பொருள் வந்த வரிசைய தப்பா சொல்றாங்க. பௌதிகப் பொருள்தான் முதல்ல, மனசு சம்பந்தமானது பின்னாடின்னு ஒரு வரி இருக்கு. லத்தீன்ல அழுத்துறதுங்கற வேர்லருந்து வந்த சொல்லுங்கறது உண்மை. ஆனா இங்கிலீஷுக்குள்ள 14ஆம் நூற்றாண்டு கடைசில அது நுழைஞ்சப்போ வேதனை, மனசப் போட்டு அழுத்தற துன்பம்ங்கற பொருள்லதான் வந்துச்சு, பௌதிகத்துக்குப் போனது 17ஆம் நூற்றாண்டுல. ஆஸ்பத்திரி வராண்டாவுல என் நெஞ்சுல இருந்ததுதான் அந்தப் பழைய பொருள், அதத் தூக்கி இரண்டாவதா வைக்கறது எனக்கு ஏத்துக்க முடியல.

மூணாவது எக்சர்சைஸ். அவர கையெழுத்து போடச் சொல்லி நெருக்கினாங்கன்னு எழுதச் சொல்லுது, தே பிரஷர்ட் ஹிம் டு சைன்னு எழுதினேன், சிவப்புல தப்புன்னு வந்துச்சு, இன்டு சைனிங் மட்டும்தான் சரியாம். ரெண்டுமே சரிங்க, எந்த நல்ல அகராதியிலயும் ரெண்டும் இருக்கும். பிரஷரைஸ்னு போட்டாலும் தப்புங்குது, அது விமான கேபினுக்கு மட்டும்னு சொல்லுது, பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல ஆளுங்களுக்கும் அதச் சொல்றது சாதாரணம். புதுசா கத்துக்கறவங்க சரியா எழுதிட்டு தப்புன்னு நெனச்சுக்குவாங்க, இது சின்ன விஷயமில்ல.

ஆடியோ ஓகே, ஆஃப்லைன் ஓகே, விளம்பரம் இல்ல.

அஞ்சுக்கு மூணரை குடுக்கறேன், மூணு அந்த டிராயிங் பின் பாடத்துக்கு, அரை ஸ்ட்ரெஸ் விளக்கத்துக்கு. சப்போர்ட்டுக்கு மூணு குறையும் எழுதி, நெருக்கடி, வற்புறுத்தல், வேலைப்பளு, அமுக்கம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் சேர்த்து அனுப்பியிருக்கேன், அடுத்த அப்டேட்ல பாக்கறோம்னு பதில் வந்திருக்கு. ரெனிவலுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு, அதுக்குள்ள தமிழ் விளக்கம் மாறிச்சுன்னா இங்கயே வந்து ரேட்டிங்க ஏத்தறேன்.