அம்மாவோட அபிஸ்கோ போயிட்டு வந்தேன், கண்டிப்பா போங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்துல வளந்த நமக்கு குளிர்ன்னா கேமரன் மலை தான், ஆனா பிப்ரவரியில அம்மாவ கூட்டிக்கிட்டு ஸ்வீடன்ல அபிஸ்கோங்கிற குட்டி ஊருக்கு போனேன், ஸ்டாக்ஹோம்ல நைட் ட்ரெயின் ஏறுனா மறுநாள் அங்கயே இறங்கலாம்.

வடதுருவ ஒளி பாக்க ஏன் அங்கன்னா, மேற்கால இருக்கிற மலைங்க மேகத்த தடுத்துருது, வருசத்துக்கே 300 மில்லிமீட்டர் மழை தான், நம்மூர்ல அத ரெண்டு மாசத்துல கொட்டிரும்.

நுவோல்யா மலையில 900 மீட்டர் உயரத்துல அந்த ஒளிய பாக்குறதுக்குன்னே ஸ்கை ஸ்டேஷன்னு ஒரு எடம் இருக்கு, சேர்லிஃப்ட்ல இருட்டுல தொங்கிக்கிட்டே போகணும், காத்து மூஞ்சிய அறுக்கும், காசும் ஜாஸ்தி. எனக்கு ஒறஞ்சு கெடக்கிற தோர்னெத்ரெஸ்க் ஏரிக்கரை தான் புடிச்சிச்சு, அது ஃப்ரீ. மொதல்ல வெளுத்த புகை மாதிரி ஒரு கோடு, அப்புறம் பச்சை முந்தானை காத்துல ஆடுற மாதிரி வானம் பூரா. முப்பது வருசம் விடியக்காலையில தலையில லைட்டு கட்டிக்கிட்டு பால் மரம் வெட்டப் போனவங்க எங்கம்மா, “அப்பல்லாம் நிமிந்து வானத்த பாக்க நேரம் ஏதுய்யா”ன்னு என் கைய விடவே இல்ல.

பகல்ல ஆத்துப் பள்ளத்தாக்கு ஓரமா நடங்க, பாறையில ஐஸ் நீலமா தொங்கும்.

ஒரே கொறை, வாடகைக்கு எடுத்த பூட்ஸ் சின்னதா இருந்துச்சு, மாத்தி தரல, வெரல் மரத்துப் போச்சு. தடி சாக்ஸோட போட்டுப் பாத்து வாங்குங்க. மைலோவும் சம்பலும் எடுத்துட்டுப் போங்க.

440 கிலோமீட்டர் குங்ஸ்லேடன் நடைபாதை இங்கதான் ஆரம்பிக்குது, ஜூன்ல சூரியன் மறையாதப்ப அதுல கொஞ்ச தூரமாச்சும் நடக்க மறுபடி போறோம்.